காலி இடம் பார்க்க சிங்கப்பூர் போனோம்

தங்கப்பழம் அண்ணாச்சிக்குக் காலி இடத்தைக் கண்டால் ஆகாது. பாளையங்கோட்டையில் மளிகைக் கடை வைத்து மேலே வந்தவர். அவர் கடையில் கல்லாப்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தால் அங்கே ஊதுபத்திக் கட்டு நிற்கும். மின்விசிறிக்குப் பக்கத்தில் துடைப்பம் தொங்கும். அப்படிப்பட்டவர், பைபாஸ் ஓரம் வாங்கிப்போட்டிருந்த நிலத்தில் கீழே கடைகளும் மேலே வீடுகளுமாக ஒரு கட்டடம் எழுப்ப ஆசைப்பட்டு, வரைபடம் போடும் வேலையை என்னிடம் கொடுத்தார். நான் கீழ்த்தளத்தில் பாதியைக் காலியாக விட்டு வரைந்துகொண்டு போனேன்.

"தம்பி, இங்கன என்ன வருது?" என்று அந்த வெள்ளைப் பகுதியில் விரலை வைத்துக் கேட்டார்.

"காத்து வருது அண்ணாச்சி."

"காத்து வாடகை தருமா?"

எங்கள் சண்டை அங்கே ஆரம்பித்தது. என் கட்சி இதுதான்: செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று எங்கள் ஊருக்கு இனாமாகக் கிடைக்கிற சொத்து. கீழ்த்தளத்தைத் திறந்துவிட்டு, தாழ்வாரங்களைக் காற்றுப் போக்கில் வைத்து, ஜன்னல்களுக்கு மேல் அகலமான வெயில்தடுப்பு கொடுத்தால் ஏசியை மறந்துவிடலாம். லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மொட்டைமாடியில் சூரியத் தகடு போதும். அண்ணாச்சியின் கட்சி வேறு. அவருடைய மருமகன் கைப்பேசியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் படத்தை அனுப்பியிருந்தான். உச்சி முதல் அடிவரை நீலக் கண்ணாடி. அதைப் பார்த்ததிலிருந்து அண்ணாச்சி வேறு எதையும் பார்க்க மறுத்தார்.

கடைசியில் அவரே ஒரு பஞ்சாயத்துச் சொன்னார். "அந்தக் கண்ணாடி விக்க கம்பெனி ஆபீசு சிங்கப்பூர்ல இருக்கு. வெள்ளிக்கிழம அங்க கையெழுத்து. அதுக்கு முன்ன, நீங்க சொல்லுத மாதிரி காலியா விட்டு நல்லாருக்க இடம் ஒண்ணு அந்த ஊர்ல காட்டுங்க. காட்டிட்டா நான் உங்க பக்கம்."

எனக்கு இதில் சொந்த நஷ்டமும் இருந்தது. அந்தக் கட்டடத்தில் எனக்கும் ஒரு வீடு. மூன்றாவது மாடி, மேற்குப் பார்த்தது, நடு வீடு. மேல்காற்று நேராகக் கூடத்தில் வந்து இறங்கும் என்று பார்த்து, வரைந்தவன் என்ற சலுகையில் எல்லாருக்கும் முன்னால் சொல்லிவைத்துக்கொண்டது. கண்ணாடி போட்டால் சாயங்கால வெயில் முழுக்க என் வீட்டில்தான் குடியிருக்கும். கிளம்பும்போது என் மனைவி கோமதி சொன்னாள்: "எனக்கு செண்டும் வேண்டாம், சாக்லேட்டும் வேண்டாம். அந்தக் கண்ணாடி வராமப் பாத்துக்கிடுங்க."

அண்ணாச்சி, நான் மைனி என்று, அதாவது அண்ணி என்று, கூப்பிடுகிற அவர் மனைவி, நான் என்று மூன்று பேரும் போய் இறங்கினோம். சிங்கப்பூரில் எல்லா இடமும் ஏசி என்று மருமகன் பயமுறுத்தியிருந்ததால், அண்ணாச்சி கொடைக்கானலுக்கு வாங்கிய ஸ்வெட்டரையும் குரங்குக் குல்லாயையும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். விமான நிலையத்துக்குள் அது சரியாகத்தான் இருந்தது. வெளியே வந்ததும் முகம் முழுக்க வேர்த்து ஊற்றியது. கழற்றவும் மாட்டேன் என்றார். டாக்சி ஓட்டிய சீனப் பெரியவர் கண்ணாடியில் அவரைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "உன் அப்பாவுக்குக் காய்ச்சலா? நேராக ஆஸ்பத்திரிக்கே விடட்டுமா?"

"என்ன கேக்காரு?" என்றார் அண்ணாச்சி.

"குல்லா எங்க வாங்குனதுன்னு கேக்காரு."

"கொடைக்கானல்னு சொல்லுங்க."

சிராங்கூன் சாலைக்கு வந்ததும் அண்ணாச்சிக்கு உயிர் வந்தது. தேக்கா என்றுதான் உள்ளூர்க்காரர்கள் அந்தப் பக்கத்தைச் சொல்கிறார்கள். பூக்கடை, நகைக்கடை, காய்கறிக்கடை, நடுவில் எங்கேயோ பக்திப் பாட்டு. எல்லாரும் பேச்சின் முடிவில் 'லா' போடுவதைக் கேட்டு, "பூரா நம்ம ஊர்க்காரப் பயலுவளா இருக்கானுவளே, வேற எவன் லா போடுவான்?" என்று பூரித்துப்போனார். நம் ஊர் லா 'அல்லவா'வின் சுருக்கம், இவர்கள் லா பேச்சில் சும்மா ஒட்டிக்கொள்வது என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டில் வாழையிலை வந்தது, நம் ஊர் அளவுக்கே. ஒரு வாய் சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, "பருப்பு நல்ல பருப்பு. பெருங்காயம்தான் போன வருசத்துச் சரக்கு" என்று தீர்ப்புச் சொன்னார்.

சாப்பிட்டு முடித்ததும் என் வேலையைத் தொடங்கினேன். அங்கே பழைய கடைவீடுகள் வரிசையாக நிற்கின்றன. கீழே கடை, மேலே வீடு. கடைக்கு முன்னால் மேல்மாடியின் நிழலில் ஆள் நடந்துபோக ஐந்தடி அகலத்தில் ஒரு தாழ்வாரம். அதற்கு அஞ்சடி என்றே பெயர். "பாருங்க அண்ணாச்சி, வெயில் உள்ளயே வரல. மழை வந்தாலும் நனையாமப் போகலாம். ஒரு பைசா கரண்ட் இல்ல" என்றேன்.

நான் திரும்பிப் பார்த்தபோது அண்ணாச்சி பக்கத்தில் இல்லை. ஒரு மளிகைக் கடையின் அஞ்சடியில் குனிந்து, வாசலில் இருந்த எண்ணெய் டின்களை ஒன்றன்மேல் ஒன்றாக நடுவழிக்கு நகர்த்திக்கொண்டிருந்தார். கடைக்காரப் பெண் ஓடி வந்தாள்.

"அங்கிள், அங்கிள், என்ன செய்றீங்க? அது ஆளுங்க நடக்கற எடம் லா!"

"நடக்கட்டும்மா. ஓரமா நடக்கட்டும். இவ்வளவு எடத்த சும்மா போட்டு வச்சிருக்கியே" என்றார் அண்ணாச்சி உண்மையான அக்கறையோடு. மைனி அவர் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். முதல் நாள் ஆட்டத்தில் நான் தோற்றேன்.

இரண்டாம் நாள் இன்னும் மோசம். மைனி நகரத்துக் கடைத்தொகுதிகளைப் பார்க்க வேண்டும் என்றார். அங்கே போனால் எங்கு திரும்பினாலும் கண்ணாடி. வானத்தில் பாதியை அதுவே அடைத்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சி குரங்குக் குல்லாயோடு அண்ணாந்து பார்த்தபடி வாய் பிளந்து நின்றார். ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் அவரைத் தவிர்க்க முடியாமல் தங்கள் படத்திலேயே சேர்த்து எடுத்துக்கொண்டு போனது.

உள்ளே போனால் ஐஸ் பெட்டிக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. மைனி முந்தானையால் காதை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் சுற்றுவோம். பல் கிட்டத் தொடங்கியதும் வெளியே ஓடிவந்து வெயிலில் நிற்போம். வேர்த்ததும் மறுபடி உள்ளே போவோம். குளத்தில் முங்கி முங்கி எழுந்த மாதிரி அன்றைய பகல் போனது. என் கைக்குட்டை ஒரே நாளில் மூக்குக்கும் நெற்றிக்கும் பயன்பட்டது.

"அண்ணாச்சி, இது எல்லாம் கண்ணாடி செய்யிற வேல. வெயில உள்ள விடும். அப்புறம் அதை வெளிய தள்ள ஏசி. எவ்வளவு கரண்டுன்னு நெனச்சுப் பாருங்க."

"க-கரண்ட் பில்லு கு-குடியிருக்கவன் கட்டுவான்" என்றார், தாடை நடுங்க. "எ-எனக்கென்ன? என்னா அ-அழகு!"

"அந்தக் குடியிருக்கவன்ல நானும் ஒருத்தன் அண்ணாச்சி."

அதற்கு அவர் சிரித்துவிட்டு இஞ்சி போட்ட டீ எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அன்று மட்டும் எத்தனை இஞ்சி டீ குடித்தார் என்று மைனிதான் சொல்ல வேண்டும். கோமதி கைப்பேசியில் கேட்டதற்கு, "பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று மட்டும் பதில் போட்டேன்.

மூன்றாம் நாள்தான் என் கடைசி நம்பிக்கை. பொங்கோலுக்குக் கூட்டிப்போனேன். தண்ணீர்க் கரையில் புதிதாக எழுந்த குடியிருப்பு அது. கட்டடங்களைக் காற்று வருகிற திசை பார்த்துத் தள்ளித் தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள். கூரையில் சூரியத் தகடுகள், மாடிகளில் செடிகள். எனக்கு இனிப்புக் கடைக்குள் விட்ட பிள்ளை மாதிரி சந்தோஷம். ஓடி ஓடிக் காட்டினேன். அண்ணாச்சி கீழேயிருந்து ஒரு கட்டடத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நடுவுல வீட்டக் காணோம்!"

உண்மைதான். கட்டடத்தின் நடு உயரத்தில் பெரிய சதுரமாக ஓட்டை. அதன் வழியே அந்தப் பக்கத்து வானம் தெரிந்தது.

"கட்டி முடிக்கதுக்குள்ள துட்டு தீந்துபோச்சா?" என்றார் மைனி.

"இல்ல மைனி. வேணும்னே விட்டுருக்காங்க. காத்து உள்ள வரணும்னா அதுக்கு ஒரு வாசல் வேணும். காத்து வர்ற பக்கமாப் பாத்து ஒரு எடத்தத் திறந்துவிட்டா, பின்னால இருக்க எல்லா வீட்டுக்கும் போகும்." எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. கையைக் காற்றாக்கி, அண்ணாச்சியின் குல்லாயைக் கட்டடமாக்கி விளக்கினேன். "ஒரு வீட்ட விட்டுக் குடுத்தா, ஒன்பது வீட்டுக்கு மூச்சு!" என்று முழங்கினேன்.

அண்ணாச்சி குல்லாயைச் சரிசெய்துகொண்டார். இரண்டு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, "பசிக்கி" என்றார்.

திரும்புவதற்கு மாடிப் பேருந்தில் ஏறினோம். வழியில் இறங்கி ரயில் மாற வேண்டும். அண்ணாச்சி மேல்மாடியில் முன் இருக்கைதான் வேண்டும் என்று போய் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் நெருங்கியதும் நான் மணியை அழுத்தக் கை நீட்டினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"சும்மா இரிங்க தம்பி. கண்டக்டர் சொல்லுவாரு."

"இங்க கண்டக்டர் கிடையாது அண்ணாச்சி."

"இம்புட்டுப் பெரிய பஸ்ஸுக்குக் கண்டக்டர் இல்லாம இருப்பாரா? கீழ டிக்கெட் போட்டுக்கிட்டு இருப்பாரு. விசிலு அடிக்காம எப்படி நிக்கும்?"

விசிலும் அடிக்கவில்லை, பேருந்தும் நிற்கவில்லை. நிறுத்தம் பின்னால் போனது. நான் பதறி எழுந்து மணியை அழுத்துவதற்குள் அது மேம்பாலம் ஏறிவிட்டது. பாலத்தை விட்டு இறங்கி அடுத்த நிறுத்தத்தில் நின்றது. அண்ணாச்சி எழுந்திருக்க மறுத்தார். அது அவர் இறங்க வேண்டிய இடம் இல்லையாம். பேருந்து வளைந்து வளைந்து ஏதேதோ குடியிருப்புக்குள் போய்க் கடைசியில் எஞ்சினை அணைத்துக்கொண்டது. ஓட்டுநர் மேலே ஏறி வந்து, "இதற்குமேல் பேருந்து போகாது. நீங்கள் எங்கே போக வேண்டும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் சொன்னேன். அவர் எங்களைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது.

வெயில் உச்சியில் இருந்தது. எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரியான பழைய அடுக்குமாடிகள். ஜன்னல்களுக்கு வெளியே கம்புகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் அகலமான வெயில்தடுப்புகள், நான் வரைந்ததைப் போலவே. படம் எடுக்க நின்றேன். அண்ணாச்சிக்கும் மைனிக்கும் வேறொன்று தட்டுப்பட்டிருந்தது. நெய்யும் மட்டனும் சேர்ந்த வாசனை. மூக்கைத் தூக்கிக்கொண்டு அது வந்த திசையில் போய்விட்டார்கள்.

நான் தேடிக்கொண்டு போனபோது ஒரு கட்டடத்தின் கீழே இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஊரில் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தைத் தூண்களோடு வெறுமனே திறந்து விட்டிருப்பார்கள். வாய்ட் டெக் என்று சொல்கிறார்கள். அதில் ரோஜா நிறத் துணி விரித்த மேசைகள், பெரிய மின்விசிறிகள், ஒரு பக்கம் ஆவி பறக்கும் பாத்திரங்கள், தட்டோடு நிற்கும் வரிசை. அண்ணாச்சியின் முன்னால் பிரியாணி மலை. அதைவிட ஆச்சரியம், குல்லாயும் ஸ்வெட்டரும் பக்கத்து நாற்காலியில் கிடந்தன.

"வாங்க தம்பி, வாங்க! இதுதாம் ஓட்டலு!" என்று வாய் நிறையச் சோற்றோடு கூவினார். "மேல வீடு, கீழ ஓட்டலு. போர்டு இல்ல, ஏசி இல்ல, செவுரே இல்ல! ஆனா கூட்டத்தப் பாத்தீயளா? காத்து என்னா மாதிரி வருது!"

நான் சுற்றிலும் பார்த்தேன். பட்டுச் சேலைகள். மலாய் உடுப்பில் சிலர். தலையில் தொப்பி வைத்த பெரியவர்கள். கோடியில் பூ அலங்காரத்துக்கு நடுவே இரண்டு பேர் உட்காரும் சிம்மாசனம் ஒன்று ஆளில்லாமல் காத்திருந்தது. எனக்கு விளங்கிவிட்டது.

சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தேன். மூன்று நாளில் ஒரு காலி இடத்தைக் கண்டு அந்த முகம் மலர்ந்தது அதுதான் முதல் தடவை. மறுநாள் வெள்ளிக்கிழமை. மேற்குப் பார்த்த என் வீடு கண்முன் வந்து நின்றது. திறந்த வாயில் பிரியாணியைப் போட்டுக்கொண்டேன்.

பட்டுச் சட்டையும் கறுப்புத் தொப்பியுமாக ஒருவர் மேசை மேசையாக வந்துகொண்டிருந்தார். "நல்லா சாப்பிடுங்க. மட்டன் இன்னும் எடுங்க. வெக்கப்படாதீங்க லா."

"மொதலாளியே வந்து கேக்காரு பாருங்க. இதாம் யாவாரம்" என்று என் காதில் சொன்ன அண்ணாச்சி, அவரைக் கைப்பிடித்து உட்காரவைத்தார். பெயர் சாகுல் அமீது என்றார் அவர். "பாய், எத்தன வருசமா இங்கன?"

"முப்பது வருஷமா இந்த புளோக்தாண்ணே. எட்டாவது மாடி."

"மேல குடியிருப்பு, கீழ தொழிலு! நல்ல ஏற்பாடு. தெனமும் இப்படித்தான் கூட்டமா?"

சாகுல் பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "தினமும் நடத்தினா நான் தாங்குவேனாண்ணே? ரெண்டாவது பொண்ணுக்கு இனிமேதான் பாக்கணும்."

"ரெண்டாவது மவ பேருல கிளை தொறக்கப் போறாரு" என்று அண்ணாச்சி எனக்கு விளக்கினார். பிறகு தொழில் ரகசியத்துக்கு வந்தார். "அரிசி நல்ல அரிசி பாய். எங்க எடுத்தீய?"

"இங்கயே, பக்கத்து புளோக் கீழ இருக்கற கடையிலதான். அரிசி, நெய், முந்திரி எல்லாம். வீட்டுக்குக் கீழயே கடை இருக்கு, எதுக்குத் தேக்கா வரைக்கும் போகணும்?"

அண்ணாச்சி மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். அந்தத் தூண்களையும் அவற்றின் நடுவே இருந்த இடத்தையும் சுற்றிப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை தெரியும். கடையில் புதுச் சரக்கு வந்து இறங்கும்போது பார்க்கும் பார்வை அது.

அப்போது தப்பட்டை மாதிரி வட்ட மேளங்கள் முழங்கின. ஒரு கூட்டம் மேளத்தைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தது. "பாட்டுக் கச்சேரி வேறயா!" என்று அண்ணாச்சி கைதட்டினார். கூட்டம் விலகியது. தங்கநிற உடுப்பில் ஒரு பையனும் பெண்ணும் நடந்துபோய்ச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தார்கள்.

மைனி அண்ணாச்சியின் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். "ஏங்க, அந்தப் பிள்ள கையில மருதாணியப் பாருங்க. எந்திரிங்க. இது கல்யாண வீடு."

அண்ணாச்சியின் முகம் ரத்தம் சுண்டி வெளுத்துப்போனது. கூப்பிடாத வீட்டில் கை நனைப்பது எங்கள் பக்கத்தில் சாதாரண விஷயமில்லை. சொந்தத் தாய்மாமன் மகன் கல்யாணத்துக்கே, வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினான் என்பதற்காகப் போகாதவர் அவர்.

"பிளக்ஸ் இல்லையே!" என்று அழாக்குறையாகச் சொன்னார். "வாழமரம் இல்ல. வாசல்ல பொண்ணு மாப்பிள்ள போட்டோ இல்ல. பிளக்ஸ் இல்லாம ஒரு கல்யாணமா? தம்பி, உங்களுக்குத் தெரியுமா?"

"லேசா ஒரு சந்தேகம் இருந்துச்சு அண்ணாச்சி."

"எப்ப இருந்து?"

"நீங்க ரெண்டாவது தடவ மட்டன் வாங்கப் போகும்போது."

அவர் என்னை முறைத்த முறைப்பில் என் வீடு, வேலை, மதிப்பு எல்லாம் எரிந்துவிட்டது என்றே நினைத்தேன். அவர் எழுந்து நேராக சாகுல் பாயிடம் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். "பாய், மன்னிச்சிருங்க. நாங்க யாருமில்ல. ஓட்டல்னு நெனச்சு உக்காந்துட்டோம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

சாகுல் பாய் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் தொப்பி நழுவியது. "நீங்க மாப்பிள்ள வீடு இல்லயா? நான் சம்பந்தியக் கேட்டேன், அவரு 'உங்க ஆளுங்க போல'ன்னாரு. ரெண்டு வீடும் போட்டி போட்டு உங்களக் கவனிச்சுக்கிட்டு இருக்கோம் லா! ஆமா, நீங்க எந்த ஊரு?"

"பாளையங்கோட்டை."

"அட! எங்க வாப்பா கடையநல்லூர்லேந்து வந்தவங்க. அப்பல்லாம் தஞ்சோங் பகார் பக்கம்தான் நம்ம ஆளுங்க. இப்ப எப்படிப் போவீங்க? இன்னும் இனிப்பு வரல, உக்காருங்க."

ஊர்ப் பெயர் கேட்டதும் அண்ணாச்சிக்குப் போன ரத்தம் திரும்பி வந்தது. "கடையநல்லூரா! அப்ப நம்ம வீட்டுக் கல்யாணம்லா இது" என்று மறுபடி உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் மனசு கேட்காமல், இவ்வளவு பெரிய கல்யாணத்துக்கு ஏன் ஒரு மண்டபம் எடுக்கவில்லை என்று கேட்டார்.

"எல்லாரும் ஏசி ஹால் எடுக்கத்தான் சொன்னாங்கண்ணே. நான்தான் வேணாம்னேன்" என்றார் சாகுல் பாய். "எம் பொண்ணு ஸ்கூல் பேக் மாட்டிக்கிட்டு இந்தத் தூணுங்க வழியாத்தான் தினமும் போவா. மேல இருக்கற பாதிப் பேரு அதப் பாத்தவங்க. அவங்க லிஃப்ட்ல எறங்கினா கல்யாணத்துல வந்து நிக்கணும். அதான் ஆசை."

சொல்லிவிட்டு மேடையில் இருந்த மகளைப் பார்த்தார். பக்கத்தில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த சீன முதியவர் என்னிடம் ஆங்கிலத்தில், "என் மனைவி இறந்தபோது இதே இடத்தில்தான் வைத்திருந்தோம். வந்தவர்களுக்கு நாற்காலி போட்டது இவர்" என்றார். நான் அதை அண்ணாச்சியிடம் தமிழில் சொன்னேன். வரைபடத்தில் காற்று, வெயில், மின்சாரம் எல்லாம் எழுதியிருந்தேன். இதை எழுத எனக்குத் தோன்றியதே இல்லை. அண்ணாச்சி தன் நாற்காலியை அந்த முதியவர் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

ரயிலில் திரும்பும்போது அண்ணாச்சி கணக்குப் போட ஆரம்பித்தார். "தம்பி, மேல இருக்கவன் வீட்டுல காதுகுத்து, வளைகாப்பு, கல்யாணம் வரும்லா? எல்லாத்தையும் கீழயே வைக்கான்னு வைங்க. அரிசி எங்க வாங்குவான்? பருப்பு எங்க வாங்குவான்?"

"உங்க கடையில அண்ணாச்சி."

"பொறவு எப்படி அது காலி இடம்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார், ஏதோ இவ்வளவு நாளும் நான்தான் எதிர்த்துப் பேசிய மாதிரி.

வெள்ளிக்கிழமை தஞ்சோங் பகாரில் கண்ணாடிக்காரர் அலுவலகம். உயரமான கட்டடம். குளிரும் குறைவில்லை. பிரியா என்ற இளம் மேலாளர் விதவிதமான கண்ணாடித் துண்டுகளை மேசையில் பரப்பினாள். "அங்கிள், இது டபுள் லேயர். ஹீட் ரொம்ப உள்ள வராது. ப்ளூ டின்ட் உங்க பில்டிங்குக்கு சூப்பரா இருக்கும்."

"நீ எங்க குடியிருக்கம்மா?"

"பொங்கோல், அங்கிள்."

"வீட்டுல ஏசியா?"

"பெட்ரூம்ல இருக்கு. பட் ஜன்னலத் திறந்தா காத்து நல்லா வரும், சோ அவ்வளவா போடறதில்ல" என்றவள், தான் என்ன விற்க வந்தோம் என்பது நினைவுக்கு வந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். அண்ணாச்சி கண்ணாடித் துண்டுகளைப் பிரியமாக அவள் பக்கம் தள்ளிவைத்தார். "நல்ல பிள்ள. இது வேண்டாம்மா" என்றார்.

எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல் இருந்தது. மேசைக்கடியில் கோமதிக்குக் கட்டைவிரல் படம் அனுப்பினேன். அண்ணாச்சி என் வரைபடத்தை வாங்கி விரித்தார். பிரியாவிடம் ஒரு பேனாவும் வாங்கிக்கொண்டார்.

"கீழ பாதி திறந்தே இருக்கட்டும். மேல வெயில்தடுப்பு, கூரையில தகடு, எல்லாம் நீங்க போட்டபடியே. சரி, நம்ம ஊர்ல காத்து எங்கன இருந்து வருது?"

"மேக்க இருந்து அண்ணாச்சி."

"வாசல் வேணும்னீயளே, காத்துக்கு. அந்தப் பொங்கோல் கட்டடத்துல இருந்த மாதிரி."

"ஆமா" என்றேன், பெருமையாக. பேனா வரைபடத்தின் மேற்குப் பக்கமாக ஊர்ந்து, மூன்றாவது மாடிக்கு வந்து, நடு வீட்டில் நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு விழுந்துவிட்டது.

"அண்ணாச்சி, அது என் வீடு."

"தெரியும். அதனாலதான் சங்கடமில்லாமப் போட்டேன். வேற ஆளு வீடுன்னா சண்டைக்கு வருவான். நீங்கதான சொன்னீய, ஒரு வீட்ட விட்டுக் குடுத்தா ஒன்பது வீட்டுக்கு மூச்சுன்னு? அந்த ஒன்பதையும் காத்து வீடுன்னு சொல்லி நல்லா விக்கலாம்."

வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். பக்கவாட்டில் பார்த்தேன். காற்றுக்கு வாசல் வைக்க அதைவிடப் பொருத்தமான இடம் அந்தக் கட்டடத்திலேயே இல்லை. இருக்காது. அதனால்தானே அந்த வீட்டை நான் எடுத்தேன்? மூன்று நாளாக நான் பேசியதை எல்லாம் அவர் வரிசை பிசகாமல் எனக்குத் திருப்பிச் சொன்னார்.

"உங்களுக்குக் கிழக்க ஒரு வீடு தாரேன்" என்றார் அன்போடு. "முதல் மாடி. கீழ வரப்போற மாவு மில்லுக்கு நேர் மேல. இட்லி மாவுக்கு அலைய வேண்டாம்லா?"

மைனி என்னைப் பார்த்து, பாவம் என்பதுபோல் தலையை ஆட்டினார். பிரியா எனக்கு மட்டும் ஒரு கோப்பை சூடான காபி கொண்டுவரச் சொன்னாள். அதைக் குடித்துக்கொண்டிருந்தபோது கோமதி அழைத்தாள்.

"கண்ணாடி இல்லயே?"

"இல்ல. அண்ணாச்சி முழுசா நம்ம பக்கம் வந்துட்டாரு."

"நெசமாவா! அப்ப நம்ம வீட்டுக்குள்ள நல்லா காத்து வருமா?"

"காத்து மட்டுந்தான் வரும்" என்றேன்.